ஆயில் குடித்த மண்

ஆடி, முதல் வாரம்

தெருமுனை டூவீலர் பட்டறை வாசலில் மண் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தார் போட்ட மாதிரி கறுத்துக் கிடக்கிறது. மிதித்தால் லேசாக அமுங்கும். இருபது வருஷமாக டிரெயின் நட்டைக் கழற்றும்போதெல்லாம் சொட்டியது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. முத்து முத்தாக உருண்டு, வானவில் காட்டிக்கொண்டு சாக்கடைக்குப் போகிறது.

இன்று ஒரு உளியை வாங்கி அதில் கையகலத்துக்குப் பெயர்த்தேன். மேலே அரை அங்குலம் ரப்பர் மாதிரி. அதற்கடியில் நாலு விரல் ஆழத்துக்குக் கரும்பழுப்பு. அதற்கும் கீழேதான் நம்ம ஊர்ச் செம்மண் தலை காட்டியது. மூக்கருகே கொண்டுபோனால் ஆயில் வாசனையோடு மழை நனைத்த மண் வாசனையும் மெல்லியதாகக் கலந்திருந்தது. அந்த இரண்டாவது வாசனைதான் என்னை வீட்டுக்கு வந்து நோட்டைத் திறக்க வைத்தது. உள்ளே யாரோ உயிரோடு இருக்கிறார்கள்.

*

பட்டறை மண் மேல் எனக்கு ஏன் திடீர் அக்கறை? மச்சினன் தோட்டத்து வட்டம்தான் காரணம்.

போன தை மாதம் போர் போட ரிக் வண்டி வந்தது. ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதான் வந்தது. அதுவாவது விதி. இரண்டாம் நாள் ராத்திரி ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்து ஆயில் பீய்ச்சியடித்துவிட்டது. ஒரு கேன், அதாவது 20 லிட்டர் போயிருக்கும் என்று வண்டிக்காரர்களே சொன்னார்களாம். மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, விடிவதற்குள் கிளம்பிவிட்டார்கள். மச்சினன் அதே இடத்தில் தக்காளி நாற்று நட்டான். பத்தடி விட்டத்துக்கு வட்டம் போட்ட மாதிரி நாற்று மட்டும் கருகி நிற்கிறது. சுற்றிலும் காய் பிடித்திருக்கிறது.

“மாமா, நீங்க ஆலை லேப்ல இருந்தவரு. இதுக்கு ஏதாவது மருந்து இருக்கா?” என்றான்.

முப்பது வருஷம் கரும்புச் சாற்றுக்கு பிரிக்ஸ் பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்டுவிட்டான்.

*

கணக்கு. பத்தடி விட்டம், ஒரு அடி ஆழம் என்று வைத்தால் மண் சுமார் 3,300 கிலோ. ஆயில் 20 லிட்டர், எடையில் 17 கிலோ சொச்சம். கிலோ மண்ணுக்கு 5 கிராமைக் கொஞ்சம் தாண்டுகிறது. நம் நாட்டு அபாயக் கழிவு விதிகளின் அட்டவணையிலும் பெட்ரோலிய எண்ணெய்க்கு அந்த 5 கிராம்தான் கோடு. மச்சினன் வட்டம் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

இதே கணக்கைப் பட்டறைக்குப் போட்டால் தூக்கம் வராது. ஒரு பைக்கின் ஒரு லிட்டர் பழைய ஆயில் மண்ணில் போனால் 170 கிலோ மண்ணை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். மூன்றரை மூட்டை. ஒரு லிட்டருக்கு.

*

ஞாயிறு

ஆயிலை மண்ணிலிருந்து பிரிக்க, நுண்ணுயிர் சுரக்கும் ஒரு பொருளைப் பற்றிப் படித்தேன். உயிரி சர்ஃபாக்டன்ட் என்கிறார்கள். பாடப்புத்தகத் தமிழில் சொன்னால் ‘உயிரிப் பரப்பு இழுவிசைக் குறைப்பான்’. இந்தப் பெயரோடு ஒரு பக்கம்கூட எழுத முடியாது. இந்த நோட்டில் ‘உயிரிச் சோப்பு’ என்றே வைத்துக்கொள்கிறேன். வேதியியல்காரர்கள் மன்னிக்கட்டும், நானும் அந்த ஜாதிதான்.

*

எவர்சில்வர் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர். மேலே பட்டறையிலிருந்து வாங்கி வந்த பழைய ஆயில் இரண்டு சொட்டு. கரும்படலமாக விரிந்து தட்டு முழுக்கப் பரவியது. நடுவில் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் ஒரே ஒரு சொட்டு விட்டேன். படலம் சட்டென்று ஓரத்துக்கு ஓடியது. நடுவில் உள்ளங்கை அளவுக்குத் தெளிந்த வட்டம். பேத்தி “திரும்பப் பண்ணு தாத்தா” என்றாள். நாலு தடவை பண்ணினேன். நாலாவது தடவை வட்டம் விழவில்லை, தண்ணீரில் ஏற்கனவே சோப்பு கலந்தாயிற்று.

ஆய்வுக்கூடங்களிலும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறார்கள். எந்த பாக்டீரியா உயிரிச் சோப்பு சுரக்கிறது என்று சல்லடை போட, ஆயில் படலத்தின் மேல் அதன் வளர்ப்பு நீரை ஒரு சொட்டு விட்டு, தெளிந்த வட்டத்தின் விட்டத்தை அளப்பார்கள். கோடி ரூபாய்க் கருவி வேண்டாம், ஒரு தட்டும் ஸ்கேலும் போதும் என்கிற சோதனைகள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பாசம்.

*

பூந்திக்கொட்டை வாங்கின கதை. நாட்டுமருந்துக் கடையில் நகைக்கா, பட்டுக்கா என்று கேட்டார்கள். நகை பாலீஷ் போடும் ஆசாரிகளும் பட்டுச்சேலை அலசும் வீட்டுப் பெண்களும்தான் இன்னும் வாங்குகிறார்களாம். “மண்ணுக்கு” என்றேன். கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கட்டிக் கொடுத்தார்.

*

பட்டறை மண்ணை ஒரு பக்கெட்டில் போட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தேன். பட்டறைத் தம்பி எட்டிப்பார்த்தார்.

“என்னங்க சார், மண்ணுக்குத் தலைக்கு ஊத்தறீங்களா?”

சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த வார்த்தை விடவில்லை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காயோ அரப்போ போட்டுக் குளிக்கிறோமே, அது என்ன? முடியில் ஒட்டிய எண்ணெயைத் தாவரச் சோப்பால் பிரித்தெடுக்கிற வேலை. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பது சபோனின். ஒரு முனை சர்க்கரை, தண்ணீரைப் பிடிக்கும். மறுமுனை கொழுப்பு மாதிரி, எண்ணெயைப் பிடிக்கும். இரண்டு கையாலும் பிடித்து எண்ணெயைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. எங்கள் பக்கத்தில் அரப்புதான் அதிகம். உசிலை மரத்து இலை, அம்மா வெயிலில் காயவைத்து இடித்து வைப்பாள். கண்ணில் பட்டால் உயிர் போகும்.

சட்டமாகப் பேசினால் உயிரிச் சோப்பு என்று அறிவியல் முதலில் பெயர் வைத்தது நுண்ணுயிர் சுரப்பதற்கு. தாவர சபோனினையும் சிலர் அந்தப் பந்தியில் உட்கார வைக்கிறார்கள், சிலர் எழுப்பிவிடுகிறார்கள். எனக்கு வழக்கு இல்லை.

வண்ணார் வெள்ளாவியில் போட்ட உவர்மண் வேறு கதை. அது காரம். துணியில் ஒட்டிய எண்ணெயையே பிடித்துச் சோப்பாக மாற்றிவிடும். ஆனால் அந்த வித்தை நல்லெண்ணெய், விளக்கெண்ணெயிடம்தான் பலிக்கும். இஞ்சின் ஆயிலில் காரம் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கியும் இல்லை. வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலி. அதனால்தான் மெக்கானிக்குகள் முதலில் மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு அப்புறம் சர்ஃப் போடுகிறார்கள்.

*

எண்கள் கொஞ்சம், மறந்துபோகும் முன்.

நல்ல தண்ணீரின் பரப்பு இழுவிசை, மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா சுரக்கும் ராம்னோலிப்பிட் அதை 30-க்கும் கீழே இறக்கிவிடும். பேசில்லஸ் சப்டிலிஸ் சுரக்கும் சர்ஃபாக்டின் 27 வரை. 1968-இல் ஜப்பானியர் கண்டெடுத்தது. ஷாம்பூவில் போடும் சோடியம் லாரைல் சல்பேட் முழு வேலையைக் காட்ட லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டும். ராம்னோலிப்பிட்டுக்குப் பெரும்பாலும் சில பத்து மில்லிகிராம் போதும். அந்த அளவைத் தாண்டும்போதுதான் சோப்பு மூலக்கூறுகள் கூடிப் பந்துபோல உருண்டு, எண்ணெயை வயிற்றுக்குள் வைத்துக்கொள்கின்றன. மிசெல் என்று பெயர்.

மண்ணில் இதனால் என்ன லாபம்? பாக்டீரியா வாழ்வது மண்துகளைச் சுற்றிய மெல்லிய தண்ணீர்த் தோலில். ஆயில் இருப்பது துகளின் பொந்துக்குள். இருவரும் பக்கத்து வீடு, ஆனால் கதவு இல்லை. சோப்பு அந்தக் கதவு.

*

பக்கெட் முடிவு: மண் வெளுத்தது உண்மை. மூன்று அலசலில் கறுப்பு பழுப்பாகி, பழுப்பு கிட்டத்தட்டச் செம்மண் ஆகிவிட்டது. பெருமையாக இருந்தது ஒரு ஐந்து நிமிஷம்.

பிறகு மூன்று பக்கெட் கறுப்புத் தண்ணீர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. டிகாக்ஷன் மாதிரி. இதை எங்கே ஊற்றுவது? சாக்கடையில் ஊற்றினால் சின்னாற்றுக்கு. தோட்டத்தில் ஊற்றினால் வேறொரு வட்டம். முன்பு மண்ணைப் பிடித்துக்கொண்டு நகராமல் கிடந்த ஆயிலுக்கு இப்போது நான் கால் முளைக்க வைத்திருக்கிறேன். மச்சினன் தோட்டத்தில் இதைச் செய்திருந்தால் நேராகக் கீழே இறங்கிப் பழைய கிணற்றுக்குப் போயிருக்கும்.

கழுவுவது வேறு, கரைந்து காணாமல் போவது வேறு. கழுவினால் அழுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். சோப்பு விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை.

ஒரு லிட்டர் பாட்டிலில் அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பிடித்துத் திண்ணை மூலையில் வைத்தேன். மிச்சத்தை மூடிபோட்ட டிரம்மில். வீட்டுக்காரியிடம் திட்டு.

*

1967-இல் இங்கிலாந்துக் கரையோரம் டோரி கேன்யன் கப்பல் பாறையில் மோதியது. கச்சா எண்ணெயைக் கலைக்க 10,000 டன் சோப்பு மருந்து தெளித்தார்கள். பாறை நத்தைகளையும் கிளிஞ்சல்களையும் எண்ணெயைவிட அந்த மருந்துதான் அதிகம் கொன்றது என்று பின்னால் கண்டார்கள். அன்றைய மருந்தின் விஷம் அப்படி. உயிரிச் சோப்புக்கு மவுசு வந்ததில் இந்த அனுபவத்துக்கும் பங்கு உண்டு: விஷம் குறைவு, மண்ணிலேயே மக்கிவிடும்.

*

ஆனந்த மோகன் சக்கரவர்த்தியை நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? வங்காளத்துச் சைந்தியாவில் 1938-இல் பிறந்தவர். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் கச்சா எண்ணெயின் பல பகுதிகளையும் தின்னும்படி ஒரு சூடோமோனாஸை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்கு பேட்டன்ட் உண்டா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980 ஜூன் 16, ஐந்துக்கு நாலு என்று அவர் பக்கம் தீர்ப்பு. உலகம் முழுக்கப் பெயர். அந்த பாக்டீரியா மட்டும் ஒரு நாளும் திறந்தவெளியில் எண்ணெய் தின்னப் போகவில்லை.

எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் வந்த சின்ன வேலை. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் உடைந்தது. கரையில் எண்ணெய் படிந்த சரளைக் கற்களை எடுத்து, சூடோமோனாஸ் சுரந்த சோப்பால் கழுவிப் பார்த்தார்கள். 1990-இல் வந்த அந்தக் கட்டுரையில் சக்கரவர்த்தியின் பெயரும் இருக்கிறது. வெறும் தண்ணீரைவிட இரண்டு மூன்று மடங்கு எண்ணெய் கழன்றது, ஆனால் 30 டிகிரியும் அதற்கு மேலும் சூடு வேண்டும். பேட்டன்ட் வாங்கிய பூதம் ஆய்வுக்கூடத்திலேயே கிடக்க, அதன் சாதாரணச் சொந்தக்காரன் சுரந்த நுரை கல்லைக் கழுவுகிறது.

30 டிகிரிக்கு அலாஸ்காக்காரன் பாய்லர் வைக்க வேண்டும். சித்திரையில் எங்கள் மாரண்டஹள்ளிக்கு வா.

*

மொலாசஸ்! சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு.

ராத்திரி படுத்தபிறகு ஞாபகம் வந்து எழுந்து உட்கார்ந்தேன். உயிரிச் சோப்பு விலை அதிகம், அதனால்தான் மண்ணுக்கு வரவில்லை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பாக்டீரியாவுக்குத் தீனி போடவேண்டும், சுரந்ததைப் பிரித்துச் சுத்தம் பண்ணவேண்டும். அந்தத் தீனிச் செலவைக் குறைக்க, 1997-இலேயே பரோடாவில் படேல், தேசாய் என்ற இருவர் மொலாசஸில் சூடோமோனாஸை வளர்த்து ராம்னோலிப்பிட் எடுத்துக் காட்டினார்கள். பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிற ஊர்க்காரன் இதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா தூங்குவது?

ஆனால் ஆலையில் இருந்தவனுக்குத்தான் இன்னொன்றும் தெரியும். நுரை. வெயில் காலத்தில் மொலாசஸ் டேங்க் தானாகவே பொங்கிக் கிளம்பும்போது நாங்கள் பட்ட பாடு. இதில் நுரைக்கவென்றே பிறந்த ஒன்றை, காற்று ஊதி ஊதி வளர்க்கவேண்டும். தொட்டி வழியாமல் எப்படி? உயிரிச் சோப்புத் தொழிலில் நிஜமான தலைவலிகளில் இதுவும் ஒன்று. பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவர்களைவிட நுரையை அடக்குகிறவனுக்குத்தான் நான் மாலை போடுவேன்.

*

ஜெர்மனியின் எவோனிக் நிறுவனம் ஸ்லோவாக்கியாவில் ராம்னோலிப்பிட் ஆலையை 2024-இல் திறந்துவிட்டது. அதற்கு முன்பே, 2019-இல், யூனிலீவர் அதைச் சிலி நாட்டில் க்விக்ஸ் என்ற பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் போட்டு விற்றது. மண்ணைக் காப்பாற்ற வரும் என்று ஐம்பது வருஷமாகக் கட்டுரை எழுதியது, கடைசியில் சிங்க்கில் தட்டு கழுவ வந்திருக்கிறது. சந்தை எந்தப் பக்கம் வழுக்கும் என்று கட்டுரைக்குத் தெரியாது.

*

ஆடி 18 முடிந்து மறுநாள்

ஒரு முரண். தொட்டியில் ராம்னோலிப்பிட் நிறையச் சுரக்கவைக்க வேண்டுமென்றால் பாக்டீரியாவுக்கு நைட்ரஜனைக் குறைத்துப் பட்டினி போடுகிறார்கள். தீனி இருக்கிறது, வளர முடியவில்லை என்ற நிலையில்தான் அது சோப்பு சுரக்கிறது. மண்ணிலோ நேர் எதிர். ஆயில் கொட்டிய மண்ணில் கார்பன் மலைபோல, நைட்ரஜன் இல்லவே இல்லை. அங்கே நைட்ரஜன் கொடுத்தால்தான் கூட்டம் பெருகித் தின்னும்.

அப்படியானால் வெளியிலிருந்து சோப்பு வாங்கி ஊற்றுவதா, உள்ளே இருப்பவனுக்குச் சோறு போடுவதா? படிக்கப் படிக்க நான் இரண்டாவதன் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறேன். சோப்பை ஊற்றினால் சில சமயம் பாக்டீரியா ஆயிலை விட்டுவிட்டுச் சோப்பையே தின்றுவிடுகிறதாம். பின்னே? ஒரு தட்டில் பொரி உருண்டை, இன்னொரு தட்டில் வேப்பங்கொழுந்து வைத்தால் பிள்ளை எதை எடுக்கும்?

*

மச்சினன் கேட்டான்: “அந்த பாக்டீரியாவ நாமளே பாட்டில்ல வளத்தா என்ன மாமா?”

கூடாது. சூடோமோனாஸ் ஏருஜினோசா ஆஸ்பத்திரித் தீக்காய வார்டுகளின் பழைய எதிரி. களத்தில் நெல்தாள் கண்ணில் கிழித்தால் அந்தப் புண்ணில் புகுந்து இரண்டே நாளில் கருவிழியைக் கரைத்துவிடும். மண்ணில் அது ஆயிரத்தில் ஒருவன், அடக்கமாக இருப்பான். பாட்டிலில் தனியாக வளர்த்தால் ஊர் ரவுடி.

வளர்க்கவும் அவசியமில்லை. பட்டறைத் தம்பி இருபது வருஷமாக ஆயில் ஊட்டி வளர்த்து வைத்திருக்கிறாரே, அந்த வாசலில்! பழைய ஆயில் மண்ணில் ஆயில் தின்னிகள் தாமாகவே பெருகியிருக்கும். பாலுக்கு உறைமோர் மாதிரி அதில் கொஞ்சம் எடுத்துப் போட்டால் போதும். முதல் நாள் மூக்கில் பட்ட மழைமண் வாசனை இப்போது கணக்கில் சேர்ந்தது.

*

நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது டெரி நிறுவனத்தின் ஆயில்ஜாப்பர். ஐந்து வகை பாக்டீரியாக் கூட்டம். மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் சக்கையைப் பொடித்து அதில் ஏற்றி, பையில் அடைத்துக் கொண்டுபோவார்கள். வடக்கே சுத்திகரிப்பு ஆலைகளின் கசடுக்குழிகளிலும் அஸ்ஸாம் எண்ணெய் வயல்களிலும் போட்டிருக்கிறார்கள். 2007-இல் ஓ.என்.ஜி.சி.யோடு சேர்ந்து இதற்கென்றே ஒரு கம்பெனியும் வந்தது. பையில் போவது பாக்டீரியா. சோப்பை அது போன இடத்தில் தானே தயாரித்துக்கொள்ளும். சமையல்காரனை அனுப்பினால் போதும், குழம்பைத் தூக்கில் கட்டி அனுப்ப வேண்டாம் என்கிற யோசனை.

எண்ணூர், 2017 ஜனவரி 28. இரண்டு கப்பல் மோதி, கரையெல்லாம் கறுப்பு. பிள்ளைகள் பக்கெட்டால் அள்ளியதை டி.வி.யில் பார்த்தோம். பக்கெட்டோடு நம் ஞாபகம் முடிந்துவிட்டது. அள்ளிய கசடு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. காமராஜர் துறைமுகத்தின் பக்கத்திலேயே குழியில் போட்டு, இந்தியன் ஆயிலின் பரீதாபாத் ஆய்வு மையத்து நுண்ணுயிர்களிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தார்கள். அந்தக் குழிதான் என் மச்சினன் வட்டத்துக்கு அண்ணன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மறுபடி எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது, மறுபடி பக்கெட்.

கதிராமங்கலம் அதே 2017, ஜூன் 30. ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய். ஊரே திரண்டது, தடியடி, பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோர் சிறைக்குப் போனார்கள். அந்தச் செய்திகளில் குழாய் உண்டு, போலீஸ் உண்டு, அரசியல் உண்டு. மண்ணுக்கு அடுத்து என்ன செய்யவேண்டும் என்று நான் தேடியபோது இரண்டு வரிக்கு மேல் கிடைக்கவில்லை. மாசுபட்ட இடங்களுக்கென்று தனி விதிகள் 2025 ஜூலையில்தான் வந்தன.

*

ஆவணி

வேலை ஆரம்பம். வட்டத்தை இரண்டு ஆள் விட்டு ஒரு அடிக்குக் கொத்தினோம். மச்சினன் டிராக்டர் விடலாம் என்றான். சக்கரம் அந்த மண்ணை ஊரெல்லாம் எடுத்துப் போகும், வேண்டாம் என்றேன். சுற்றிலும் முழ உயரத்துக்கு வரப்பு, மழைத் தண்ணீர் உள்ளே வராமலும் உள்ளது வெளியே போகாமலும்.

தீனிக் கணக்கு: 17 கிலோ ஆயிலில் கார்பன் 15 கிலோ போல. கார்பன் நூறு என்றால் நைட்ரஜன் பத்து, பாஸ்பரஸ் ஒன்று என்பது பொதுவான விகிதம். அப்படியே போட்டால் யூரியா 3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ. மச்சினனுக்கு ஏமாற்றம். இவ்வளவு படித்துவிட்டு மாமா கடைசியில் யூரியாவா சொல்கிறார் என்று முகத்தில் எழுதியிருந்தது. ஒரே தடவையாகக் கொட்டினால் உப்பு ஏறி பாக்டீரியாவே வாடும், ஆறு தவணையாகப் போடு என்றேன். தக்காளிக்கு உரம் வைக்கிறவனுக்கு இது புரிந்தது.

அதோடு சர்க்கரை ஆலைக் கசடான பிரஸ்மட் ஒரு டிப்பரில் பாதி, காற்றோட்டத்துக்குக் கரும்புச் சக்கை, சாணி நாலு கூடை. உறைமோராகப் பட்டறை வாசல் மண் ஒரு சட்டி. பட்டறைத் தம்பி காசு வாங்கவில்லை.

பூந்திக்கொட்டைத் தண்ணீர்? ஊற்றினேன், ஆனால் கொஞ்சமாக, பூவாளியில். கழுவுவதற்கு இல்லை. ஆயில் பூசிய மண் தண்ணீரை உள்ளே விடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது, பட்டறை வாசல் மாதிரியே. ஈரம் இறங்காமல் பாக்டீரியா எப்படி வாழும்? அந்த அடத்தை உடைக்க மட்டும் சோப்பு. இரண்டாவது பூவாளியிலேயே தண்ணீர் உள்ளே போக ஆரம்பித்தது.

*

எங்கள் மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ளோரைடுக்குப் பேர்போனது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே பல்லும் எலும்பும் கெட்டதால்தான். பல இடங்களில் கடினத்தன்மையும் சேர்த்து. சோப்புக் கட்டி நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து பக்கெட்டில் ஒட்டுமே, அது கால்சியம் செய்கிற வேலை. ராம்னோலிப்பிட்டும் எதிர்மின் வகை, கால்சியம் அதையும் சும்மா விடாது. போதாததற்குச் செம்மண்ணின் இரும்பும் களியும் அதை ஒட்டவைத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்துக் காய்ச்சி வடித்த நீரில் வந்த எண்ணை நம்பி நம்ம போர் தண்ணீரில் இறங்கக்கூடாது. பூந்திக்கொட்டை உப்புத் தண்ணீரிலும் நுரைக்கிறது. பாட்டிகள் தேர்ந்தெடுத்ததில் காரணம் இருந்திருக்கிறது.

*

வாரம் ஒரு தடவை கிளறல். பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரவேண்டும், அந்த ஈரம். சப்பாத்தி மாவைவிடக் குறைவு, புட்டு மாவைவிட ஒரு பிடி அதிகம்.

*

புரட்டாசி

இரண்டாம் வாரமே கைவிட்டால் மண் வெதுவெதுப்பாக இருந்தது. அதில் பாதி பிரஸ்மட்டின் சூடு, ஆயிலின் கணக்கில் முழுக்க எழுதக்கூடாது. இப்போது ஆயில் வாசனை குறைந்து, பழைய சாக்கு வாசனை. தட்டுச் சோதனை: ஒரு பிடி மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் மேலே இன்னும் படலம் நிற்கிறது, ஆனால் உடைந்து உடைந்து, தீவு தீவாக.

எலிக்கழிவு மாதிரி கறுப்புக் கட்டிகள் சில அப்படியே இருக்கின்றன. உடைத்தால் உள்ளே பளபளப்பு. அங்கே ஈரமும் போகவில்லை, காற்றும் போகவில்லை. கையால் நசுக்கினேன். இயந்திரத்தைவிட விரல்தான் இதற்குச் சரி.

*

பட்டறையில் டீ. பழைய ஆயிலை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். டிரம்மில் சேர்த்துவைத்தால் சென்ட்ரிங்காரர்கள் பலகைக்குப் பூச வாங்கிப்போவார்களாம், மிச்சம் வேலிக் கம்பத்தில் கரையானுக்கு. “இப்ப எவனோ லிட்டர் கணக்கா வாங்க வர்றான் சார்.” 2024 ஏப்ரல் 1 முதல் பழைய ஆயிலைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளர்கள் மேல் விழுந்திருக்கிறது, அதன் வால் இங்கே வரை நீண்டிருக்கிறது போல. அவர் பழைய பேரலை நெடுக்கில் வெட்டித் தொட்டியாக்கி வண்டிக்கு அடியில் வைத்திருந்தார். நான் சொல்லவில்லை, ஆயிலுக்கு விலை வந்ததும் சொட்டு நின்றுவிட்டது.

*

ஹைட்ராலிக் ஆயிலிலும் இஞ்சின் ஆயிலிலும் தேய்மானம் தடுக்கத் துத்தநாகம் சேர்த்திருப்பார்கள். ஓடித் தேய்ந்த ஆயிலில் இன்னும் பல உலோகம். பாக்டீரியா கார்பனைத்தான் தின்னும், உலோகத்தைத் தட்டில் மிச்சம் வைத்துவிடும். அதனால் அந்த வட்டத்தில் தக்காளியோ கீரையோ இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாமந்தி வை.

“சாமந்திய யாரும் திங்க மாட்டாங்க, அதானே மாமா?” என்றான். பையன் தேறிவிட்டான்.

*

கார்த்திகை

கொள்ளு முளைப்புப் பார்த்தோம். ஆடியில் ஒரு தட்டு வட்டத்து மண்ணில் போட்டபோது ஒன்றிரண்டுதான் தலை நீட்டியது, அதுவும் வேர் கருகி. இந்தத் தடவை பாதிக்கு மேல் வந்திருக்கிறது. பக்கத்து நல்ல மண்ணில் எல்லாமே வந்தது, அதையும் எழுதிவைக்கிறேன். வேர் வெள்ளையாக இருக்கிறது. ஆயில் எத்தனை கிராம் மிச்சம் என்று சொல்ல லேப் வேண்டும். கொள்ளு கிராம் சொல்லாது.

சாமந்தி நாற்று வட்டத்தின் ஓரத்தில் பிடித்துவிட்டது. நட்ட நடுவில், ஹோஸ் வெடித்த இடத்தில், இன்னும் மூன்று செடி மஞ்சளாக நிற்கிறது. அங்கே மட்டும் மறுபடி கொத்தவேண்டும்.

*

திண்ணை மூலைப் பாட்டிலை மறந்தே போயிருந்தேன். இன்று கூட்டும்போது வீட்டுக்காரி கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். டிகாக்ஷன் மாதிரி இருந்தது இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கீழே கலங்கலான தண்ணீர், மேலே ஒரு விரல் உயரத்துக்குக் கருகருவென்று ஆயில். நடுவில் பஞ்சு மாதிரி ஏதோ மிதக்கிறது. குலுக்கினால் நுரை வரவில்லை. பூந்திக்கொட்டையை உள்ளே இருந்தவர்கள் தின்று தீர்த்துவிட்டார்கள். பிடித்திருந்த கை போனதும் ஆயில் மேலே வந்துவிட்டது.

மருந்து கொடுக்கும் ஊசியில்லாச் சிரிஞ்சால் மேலே நின்றதை உறிஞ்சி எடுத்துக் கொண்டுபோய்ப் பட்டறை டிரம்மில் ஊற்றினேன். தம்பி அளவைப் பார்த்துவிட்டு, “இதுக்கு எவ்வளவு சார் கொடுக்கணும்?” என்றார்.